ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால்தான் கடிதம் தொடங்கும் என்பதால் எழுதிவிட்டேன். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? ஐந்தாம் மாதம் ஆகியிருக்குமே. வாந்தி நின்றதா? பளு தூக்க விடாதே.

போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் மாமாவை அடக்கம் செய்த அன்று நடந்ததைக் கேட்கத்தான் எழுதுகிறேன். நம் சபையில் காலம் காலமாக இருக்கும் வழக்கம் எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிடத் தெரியும். வீட்டில் ஒருவர் போய்விட்டால், கடைசி ஜெபத்துக்கு முன் எழுந்து அவர் பெயரைச் சொல்லுவோம். சபை முழுவதும் ஒரே குரலில் "நம்மவர்" என்று சொல்லும். மேலே இருக்கும் ஊரில் அவருக்கு இடம் உண்டு, அவர் நம் ஆள் என்று அர்த்தம். அம்மாவுக்குச் சொன்னார்கள். வட்டிக்கு விட்டு நாலு குடும்பத்தை ஊரைவிட்டு ஓடவைத்த பெரியவருக்கும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன்.

நான் எழுந்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் ஊரிலிருந்து வந்திருந்த நீதான் போதகராக முன்னால் நின்று ஆராதனை நடத்திக்கொண்டிருந்தாய். நீ சொன்னால் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நீ பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாய்.

எனக்கு வேறெதுவும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது அதே இடத்தில் நின்று ஒரு தடவை சொல். அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 19

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே இருவரும் சுகம். உன் சுகத்துக்காக நாள்தோறும் ஜெபிக்கிறோம். வாந்தி நின்றுவிட்டது. வயிற்றில் இருப்பது ஓயாமல் படபடப்பதால் அதற்குக் குருவி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அக்கா, நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இது என் விருப்பு வெறுப்பு சார்ந்தது அல்ல. ஆதி நாளில், உலகத்தையே ஆண்ட ஒரு பெருநகரம் எதிரிகள் கையில் விழுந்தபோது, விசுவாசிகள் கலங்கிப்போனார்கள். அப்போது சபைப் பெரியவர்கள் ஒன்றைத் தெளிவாக்கினார்கள். மனிதரை இரண்டு ஊராரென்று பார்க்கலாம். தன்னையே பெரிதாக நேசிப்பவர்கள் ஓர் ஊர். தேவனை நேசிப்பவர்கள் இன்னோர் ஊர். முதல் ஊர் விழும். இரண்டாவது விழாது. நாம் இரண்டாவது ஊரின் குடிகள், இங்கே வழிப்போக்கர்களாக இருக்கிறோம்.

சபை "நம்மவர்" என்று சொல்வது அந்தக் குடியுரிமைக்குச் சாட்சி. மாமா ஆராதனையை விட்டு விலகினார். மூப்பர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லவர் என்பது வேறு, நம்மவர் என்பது வேறு.

ஆறுதலாக இரு. மாத்திரைகளை விடாதே.

தம்பி

*

மார்ச் 30

அன்புள்ள சின்னவனுக்கு,

கடிதம் வந்தது. மாத்திரை விடவில்லை. குருவியை அத்தை கேட்டதாகச் சொல். எங்களுக்குத்தான் பிள்ளை கொடுத்துவைக்கவில்லை, உன் வீட்டிலாவது சத்தம் கேட்கட்டும்.

இரண்டு ஊர் என்று எழுதியிருந்தாய். இரண்டு மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. ஊர் இரண்டு என்றால் குழாயும் இரண்டா?

உன் மாமா ஏன் ஆராதனைக்கு வரவில்லை என்று உனக்குத் தெரியாதா? இவர் வேலை பார்த்த நகராட்சி நீரேற்று நிலையத்தில் ஞாயிறு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காது. மற்ற இருவரும் பிள்ளைக்குட்டிக்காரர்கள். "நமக்கென்ன, ரெண்டு பேர்தானே, நான் பாத்துக்கிறேன்" என்று இவர் எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு முறை உண்டு. அடுத்த ஆள் வந்து வால்வுச் சக்கரத்தில் கை வைத்த பிறகுதான் இருக்கிற ஆள் கையை எடுக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டு ஆராதனைக்கு ஓடிவர முடியாது. வந்தால் பாதி ஊருக்குத் தண்ணீர் ஏறாது.

டைல்ஸ் கடை வைத்திருக்கும் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீ இல்லை. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆராதனையைவிட மோட்டார் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்றார் மூப்பர்.

இவர் நிதானமாகக் கேட்டார். "ஐயா, போன ஞாயிறு ஞானஸ்நானம் குடுத்தீங்களே, தொட்டி நிறைய தண்ணி இருந்துச்சாமே. அது எந்த ஊர்லேருந்து வந்துச்சு?"

"விதண்டாவாதம் பேசாதீங்க."

"பேசல ஐயா. டீ ஆறுது, குடிங்க. அதுவும் அந்தத் தண்ணிதான்."

மூப்பர் குடிக்காமல் எழுந்து போனார். நல்ல டீ வீணாய்ப் போகும் என்று இவர்தான் அதையும் குடித்தார்.

தன்னையே பெரிதாக நினைக்கிறவன் முதல் ஊர்க்காரன் என்கிறாய். ஊரே குளித்து முழுகிச் சட்டை மாட்டிக்கொண்டு பாடப் போகும்போது, எண்ணெய் நாற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவன் எந்த ஊர்? அந்தப் பழைய பெரியவர்கள் வாசலில் நின்று ஆள் பிரிக்கிற வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? பார்த்து எழுது. எனக்குத் தெரியாது, நீதான் படித்தவன்.

அவள் நன்றாகச் சாப்பிடட்டும்.

அக்கா

*

ஜூன் 2

அன்பான அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். வேலை அதிகம், பதில் தாமதமாகிவிட்டது.

நீ கேட்டதைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு ஊரும் இந்த உலகத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்றுதான் ஆதிப் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடைசி நாள் வரைக்கும் மனிதர் கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அந்த ஊரார் அல்ல. வெளியே திட்டிக்கொண்டு நிற்பவர்களில் சிலர் அந்த ஊராராக இருக்கலாம். மேல் ஊர்க்காரர்கள் வழிப்பயணத்தில் இந்த ஊரின் அமைதியை, சட்டத்தை, சாலையை எல்லோரையும் போல அனுபவிக்கிறார்கள் என்றும் இருக்கிறது. தண்ணீரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் சபைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். தயவுசெய்து இதை அங்கே யாரிடமும் பேசாதே. உன்னைப் பற்றி மூப்பர் சபைத் தலைமைக்கு எழுதியிருக்கிறார்.

தம்பி

*

ஜூன் 10

அன்புள்ள சின்னவனுக்கு,

நலமா? உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதுகு வலிக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, ஒன்றும் எழுதவில்லை. ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எழுதத் தோன்றாது என்று விட்டேன். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

யாரிடமும் பேசாதே என்றாய். நான் பேசவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான். உன் கடிதம் வந்த பிறகு வந்த ஞாயிறு, கடைசி ஜெபத்துக்கு முன் எழுந்து இவர் பெயரைச் சொன்னேன். பதில் இல்லை. உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் மூப்பர் பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, ஒரு தரம் சொல்லி ஆச்சில்ல? எத்தன தரம் சொல்லுவீங்க?"

"பதில் வர்ற வரைக்கும் ஐயா."

"வராதும்மா."

"அப்ப எனக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வேலை இருக்கு."

கலந்து கிடக்கிறது, கண்ணால் பிரிக்க முடியாது என்று நீயே எழுதிவிட்டாய். பிறகு இவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள்? எனக்குச் சண்டை போடும் ஆசை இல்லை. வீட்டில் தட்டு ஒன்று குறைந்திருக்கிறது, சமைத்தால் மிஞ்சுகிறது, அதற்கே எனக்குத் தெம்பு போதவில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு "உன் பக்கத்தில் இருக்க மாட்டார்" என்று ஒருவர் பதில் சொன்னால் நான் எப்படிப் பேசாமல் இருப்பேன்? எனக்கும் அவருக்கும் இனி மிச்சம் இருக்கிற ஊர் அது ஒன்றுதானே.

அவளைப் பற்றி எழுது.

அக்கா

*

ஜூலை 1

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

தலைமையிலிருந்து என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இனி சபையில் எழுந்து நிற்க வேண்டாம். மீறினால் உன்னை விலக்குவார்கள். தம்பியாக அல்ல, போதகராகச் சொல்கிறேன்.

தம்பி

*

ஜூலை 22

சின்னவனுக்கு,

போதகராகச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுக் கீழே தம்பி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பழக்கதோஷம் போல. நான் தம்பிக்குத்தான் எழுதுகிறேன்.

என்னை விலக்கிவிட்டார்கள். மூப்பர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். நான் கடைசிவரை நின்று கேட்டேன். "சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "நான் போனா நீங்க யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல, எனக்குத் துணைக்கு அங்க ஆள் இருக்காரு" என்றேன். முன் வரிசையில் யாரோ இருமினார்கள். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒன்றும் இரும்பில்லை.

மற்ற நாட்களில் போகிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்கு இப்போது ஞாயிறும் போகிறேன். துணிக்கு ஞாயிறு ஏது? பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையைச் சேர்ப்போம். என்னோடு மடிக்கிறவளை எல்லோரும் கஞ்சிக்காரி என்பார்கள், துணிக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. கோயிலுக்கும் போகாதவள், எந்தச் சபைக்கும் போகாதவள். ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அவ்வளவுதானா? இதுக்கா ஒரு கட்டடம் கட்டி வச்சிருக்காங்க? சொல்லு, உன் வீட்டுக்காரர் பேரென்ன?"

விரிப்பைப் பிடித்தபடி சொன்னேன். அவள் நடந்து வந்து முனையை என் கையில் சேர்த்துவிட்டு, "நம்மவர்" என்றாள். அவர் பம்ப் அடித்த தண்ணீரில்தானே இத்தனை வருடம் துணி வெளுத்தோம் என்றாள்.

நான் அப்படியே ஈரத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் தன் மாமியார் பெயரைச் சொன்னாள். "உயிரோட இருந்தப்ப என்னைப் பாடாப் படுத்துச்சு. இருந்தாலும் சொல்லித் தொலைக்கணும்ல" என்றாள். நான் "நம்மவர்" என்றேன். அந்தப் பக்கம் இஸ்திரி போடுகிறவர்களும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது தினமும் யாராவது ஒரு பெயர் சொல்கிறார்கள். சிலர் சிரிப்பதில்லை. மேற்பார்வையாளர் வந்து "என்ன இங்க பஜனை?" என்றான். "மடிக்கிறதுக்குத் தாளம்" என்று கஞ்சிக்காரி சொன்னாள். வேலை சீக்கிரம் முடிவதால் அவன் மறுபடி கேட்கவில்லை.

ஆகவே சின்னவனே, நீ வந்து சொல்ல வேண்டும் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்பேன். மாதம் நிறைந்திருக்கும். என்ன பிள்ளை? எல்லோரும் நலம் என்று எழுதினாயே, எல்லோரும் என்றால் எத்தனை பேர்? அன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாயே, உன் கடிதங்களைப் படித்தால் அப்படியே இருக்கிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உடம்புக்கு இப்போது பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களை அவர் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். கடைசியாக வந்ததை எடுத்துப் படித்தேன், மன்னியுங்கள்.

குருவி மே மாதமே வந்துவிட்டாள், அண்ணி. நாள் நிறையாமல் வந்தாள். சாயங்காலம் வரைக்கும் இருந்தாள். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டாள். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. இவர் தண்ணீர் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிறு நான் எழுந்து பெயரைச் சொன்னேன். சபையில் சேராத பிள்ளை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. இவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உங்களுக்குச் சொன்னதைத் தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து அப்படித்தான் சொன்னார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று அவர் எழுதவில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் விரிப்பு மடிக்கும்போது சின்னப் பிள்ளைகள் பெயரும் சொல்வீர்களா? சும்மா கேட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஆகஸ்ட் 13

என் கண்ணுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒளிக்காதே. அவனும் படிக்கட்டும், மேசைமேல் வை.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். என்னால் வாசிக்க முடியவில்லை, கஞ்சிக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பெரிய விரிப்பைக் கீழே போட்டாள். குழந்தைகள் வார்டிலிருந்து வந்த சின்ன விரிப்பு ஒன்றை எடுத்தாள். அதை ஒருத்தியே மடித்துவிடலாம். இருந்தும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். நான் குருவி என்று சொன்னேன். இஸ்திரிப் பெட்டி எல்லாம் நின்றுவிட்டது. கஞ்சிக்காரி "நம்மவர்" என்று சொல்லவில்லை. "நம்ம பிள்ளை" என்றாள். கூடமே "நம்ம பிள்ளை" என்றது. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு பெயர் யாரும் சொல்லவில்லை.

இனி இது சின்னவனுக்கு. உன்னைத் திட்டப் போவதில்லை. திட்டுகிற மாதிரி நாலு வரி எழுதிக் கிழித்துவிட்டேன். என் புருஷனுக்கு வாய் திறக்காததைப் பொறுத்துக்கொண்டேன், அவர் பெரிய ஆள், தானே வழி கேட்டுப் போய்விடுவார். சாயங்காலம் வரை இருந்த பிள்ளைக்கு ஊர் இல்லை என்று சொல்கிற சட்டத்துக்கு ஏன்டா காவல் நிற்கிறாய்? அந்தப் பழைய பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள் என்றால் எனக்கு அவர்கள் வேண்டாம். அவர்கள் சொல்லவில்லை, இவர்கள்தான் சொல்கிறார்கள் என்றால், நீ யார் பக்கம்?

எனக்காக எதுவும் சொல்லாதே. உன் பிள்ளைக்குச் சொல். உன் வீட்டுக்காரி எழுந்து நின்றபோது தனியாக நின்றாள். நானும் தனியாகத்தான் நின்றேன். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

அக்கா

*

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் இருக்கிறோம். நலம் என்று பிறகு எழுதுகிறேன்.

போன ஞாயிறு கடைசி ஜெபத்துக்கு முன் நான் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றேன். குருவியின் பெயரைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. நான் பதில் சொன்னேன். அவளும் சொன்னாள். பிறகு மாமா பெயரைச் சொன்னேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அதற்கும் நாங்கள் இருவர்தான். பின் வரிசையில் ஒரு குரல் கேட்ட மாதிரி இருந்தது. அவள் இல்லை என்கிறாள்.

தலைமை மூப்பர் கை காட்ட, மைக்கை நிறுத்திவிட்டார்கள். நான் மேடையிலேயே இல்லை, எதற்கு நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

அன்று மாலையே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இந்த வீடு சபையுடையது. இருக்கும் சாமானும் பெரும்பாலும் சபையுடையதுதான். எனக்குப் பிரசங்கம் தவிர வேறு வேலை தெரியாது. சில நாட்கள் உன்னோடு இருக்கலாமா? உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 10

அன்புள்ள சின்னவனுக்கும் என் கண்ணுக்கும்,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே.

இருக்கலாமா என்று என்னடா கேள்வி. வாருங்கள். பின்கட்டு அறையைக் காலி செய்துவிட்டேன். மாமாவின் சட்டைகள் உனக்குத் தோளில் தொங்கும், பரவாயில்லை. சலவைக்கூடத்தில் வண்டி தள்ள ஆள் கேட்கிறார்கள். பிரசங்கம் செய்தால் கஞ்சிக்காரி மேலே கஞ்சி ஊற்றுவாள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பின் வரிசையில் குரல் கேட்டது என்றாயே. கேட்டது என்றே வைத்துக்கொள். யாரென்று தேடாதே, தேடினால் அவர்களையும் விலக்கிவிடுவார்கள்.

மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு வாருங்கள். நம்மை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் குருவிக்கென்று தொட்டில் வாங்கி வைத்திருப்பீர்களே, அதை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். அது வீட்டின் எந்த மூலையில் மூடிக் கிடக்கிறதோ, எடுத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் சபையின் சாமான் என்று எவனாவது கை வைத்தால், அங்கேயே நின்றுகொண்டு எனக்குப் போன் செய். நான் பஸ் ஏறி வருகிறேன்.

அக்கா